தகப்பன் பெயர் தெரியாத பதிமூன்று கிலோ

கமென்கிராட் நகரத்தில் அரசாங்கத்தின் உதவியோடு உடம்பு இளைக்க விரும்புகிறவர் முதலில் முப்பத்திரண்டு படி ஏற வேண்டும். நல்லெடை நிலையம் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. எல்லாம் பளிங்குப் படிகள். பக்கத்தில் லிஃப்ட் உண்டு. ஆனால் அது ஊழியர்களுக்கு. படியேறுவதே சிகிச்சையின் முதல் கட்டம் என்று கதவருகில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். ஊழியர்களுக்குச் சிகிச்சை தேவையில்லை, அதனால் அவர்களுக்குப் படியும் தேவையில்லை.

தொப்ரினா அந்தப் படிகளை முதல் முறை ஏறியபோது நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்தாள். அவளுக்கு வயது ஐம்பத்தேழு, எடை தொண்ணூற்றெட்டு கிலோ. வெளிநாட்டுக்குப் போகும் கால்சட்டைகளைத் தைக்கிற தொழிற்சாலையில் இஸ்திரிப் பிரிவில் இருந்தாள். கல்யாணமான வருஷம் அங்கே போய் நின்றவள், இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். நின்றதில் இடது முட்டி தேய்ந்துவிட்டது. மாவட்ட மருத்துவமனையின் எலும்பு டாக்டர் கெரோவ் படத்தைப் பார்த்துவிட்டு ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

"முட்டியை மாத்திரலாம்மா. ஆனா இந்த எடையோட புது முட்டி போட்டா அதுவும் சீக்கிரமே போயிரும். எண்பத்தஞ்சுக்கு வாங்க. இளைச்சுட்டாங்கன்னு நல்லெடை நிலையத்துல ஒரு சான்றிதழ் குடுப்பாங்க. அதைக் கொண்டாங்க, மறுவாரமே கட்டில்ல படுக்க வச்சிர்றேன்."

தொழிற்சாலையில் மேற்பார்வைக்காரி பெரிய மனசு பண்ணி, இலையுதிர்காலம் வரைக்கும் உட்கார்ந்தபடி நூல் வெட்டுகிற வேலையைக் கொடுத்தாள். அதற்கப்புறம் நிற்க வேண்டும், அல்லது வீட்டுக்குப் போக வேண்டும். தொப்ரினாவின் கணவன் பர்வான் ரயில்வே பட்டறையிலிருந்து ஓய்வு பெற்றவன். அவனுடைய ஓய்வூதியம் விறகுக்கும் மின்சாரத்துக்கும் போய்விடும். சாப்பாடு அவளுடைய சம்பளத்திலும், தொழிற்சாலை மாதாமாதம் கொடுக்கிற உணவுக் கூப்பனிலும்தான் நடந்தது.

நிலையத்தில் அவளுக்கு ஒதுக்கப்பட்ட ஆலோசகர் ராதோஸ்தினா பென்சேவா. சின்ன வயசு. வெள்ளைக் கோட்டு, இனிமையான குரல். யாரிடம் பேசினாலும் தன்னையும் சேர்த்துக்கொண்டு பேசுவது அவருக்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட முறை.

"இன்னைக்குக் காலையில நாம என்ன சாப்பிட்டோம்?" என்று அவர் ஆரம்பித்தார்.

தொப்ரினா திகைத்தாள். "நான் ரொட்டியும் குடமிளகாய்த் தொக்கும் சாப்பிட்டேன்மா. நீங்க என்ன சாப்பிட்டீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நாம இனிமே ரொட்டியை விட்டுடப் போறோம்."

"நீங்களுமா? நீங்க எதுக்கும்மா, நீங்களே குச்சி மாதிரி இருக்கீங்க."

ஆலோசகர் புன்னகை மாறாமல் ஒரு வண்ணத் தாளை நீட்டினார். காலையில் அவகாடோவும் ப்ளூபெர்ரியும். பதினொரு மணிக்கு ஒரு கை பாதாம். மத்தியானம் சால்மன் மீன், கூடவே கினுவா. ராத்திரி மறுபடி சால்மன், இந்தத் தடவை எலுமிச்சையோடு. கமென்கிராட் மலைக்கு மேலே இருக்கிறது. அங்கே மீன் என்றால் டிசம்பரில் புனித நிக்கோலா திருநாளுக்கு வருகிற கெண்டைதான். கினுவா என்கிற தானியத்தைக் காய்ச்சல் மாத்திரை என்று தொப்ரினா நினைத்துக்கொண்டாள்.

"இதெல்லாம் யார் வீட்டுலம்மா சாப்பிடறாங்க?"

"ஆரோக்கியமானவங்க வீட்டுல."

"கொஞ்சம் விலை கம்மியா ஏதாவது..."

"நாம விலையைப் பார்க்கக் கூடாது. மதிப்பைப் பார்க்கணும்," என்றார் ஆலோசகர். பிறகு அவளைத் தராசில் ஏற்றி, எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டி, நிலையத்தின் வழக்கப்படி இரண்டு தடவை கை தட்டினார். தொண்ணூற்றெட்டு கிலோவுக்கு யாரும் கை தட்டித் தொப்ரினா பார்த்ததில்லை. மரியாதைக்கு அவளும் தட்டினாள்.

அன்று சாயங்காலம் பர்வானும் அவளும் பெரிய கடைக்குப் போனார்கள். சால்மன் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. உள்ளங்கையளவு துண்டு. திருடினால் கத்துகிற கருவியை அதன் முதுகில் ஒட்டியிருந்தார்கள். அவர்கள் பெட்டியருகே நின்றதும் காவலாளி ஒருவன் வந்து பக்கத்தில் நின்றுகொண்டான்.

"ஏண்டி, இது மீனா மோதிரமா?" என்றான் பர்வான்.

விலையைப் பார்த்துவிட்டுத் தொப்ரினா காய்கறிப் பக்கம் நகர்ந்தாள். வந்ததற்கு அடையாளமாக ஒரே ஒரு அவகாடோ வாங்கினாள். அது கல்லாக இருந்தது. பர்வான் அதைக் கொட்டகைக்கு எடுத்துப் போய்ப் பட்டறைப் பிடியில் வைத்து இறுக்கிப் பார்த்தான். கடைசியில் ஜன்னலோரம் வைத்தார்கள். ஒரு வாரம் கல்லாகவே இருந்துவிட்டு ஒருநாள் காலையில் கறுப்பாகிக் கொழகொழத்தது.

"இது நல்லா இருந்தது எப்போ?" என்றான் பர்வான். "நேத்து ராத்திரி நாம தூங்கிட்டிருந்தப்பவா?"

பணம் போதாதவர்களை நிலையம் கைவிட்டுவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. அடுத்த வாரமே "குறைந்த வருமானம், நிறைந்த தட்டு" என்று ஒரு கூட்டம் போட்டார்கள். தலைநகர் சோஃபியாவிலிருந்து நிபுணர் ஒருவர் வந்திருந்தார். தொப்ரினா, தன்னோடு இஸ்திரி போடுகிற ரூஸ்காவையும் துணைக்கு அழைத்துப் போனாள். ரூஸ்காவுக்கு இளைக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. கூட்டத்தில் ஏதாவது தின்னக் கொடுப்பார்கள் என்று வந்தாள்.

நிபுணர் மேடையில் நடந்துகொண்டே பேசினார். "ஏழைகள் ஏன் பருக்கிறார்கள்? இந்தக் கேள்வியை நான் மூன்று மாநாடுகளில் கேட்டிருக்கிறேன், நான்காவது மாநாடு லிஸ்பனில். காரணம் பணம் அல்ல நண்பர்களே, திட்டமிடல் இல்லாமைதான். வாரம் ஒருமுறை உணவகத்துக்குப் போவதை நிறுத்துங்கள், அந்தக் காசில் சால்மன் வந்துவிடும். உடற்பயிற்சிக் கூடத்துச் சந்தாவை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள், பாதாம் வந்துவிடும். வீட்டு வேலைக்கு வருகிற பெண்மணியை வாரத்தில் ஒருநாள் குறைத்துக்கொள்ளுங்கள், ப்ளூபெர்ரி வந்துவிடும்."

ரூஸ்கா எழுந்தாள். சனிக்கிழமைகளில் அவள் ஒரு பல் டாக்டர் வீட்டில் தரை துடைத்தாள்.

"சார், அந்தப் பெண்மணி நான்தான். என்னை ஒருநாள் குறைச்சா, நான் யாரைக் குறைக்கிறது?"

"அருமையான கேள்வி," என்றார் நிபுணர் மனப்பூர்வமாக. "கேள்விகளைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுங்கள்."

சீட்டு தீர்ந்துவிட்டிருந்தது. கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வெண்ணெய் ரொட்டியும் காப்பியும் வந்தன. அவை பேச்சாளருக்கும் அமைப்பாளர்களுக்கும்.

திரும்பி வரும்போது ரூஸ்கா சொன்னாள்: "அடியே, இவனுங்க சொல்ற மாதிரி இளைக்கணும்னா முதல்ல பணக்காரியாகணும். பணக்காரியாகிட்டா நான் எதுக்கு இளைக்கணும்? குண்டா இருந்துட்டுப் போறேன்."

தொப்ரினாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இலையுதிர்காலம் அவள் கண் முன்னால் நின்றது. மறுநாளிலிருந்து அவள் தன் வீட்டில் இருந்ததை வைத்து ஆரம்பித்தாள். இருந்தது என்னவென்றால் காய்ந்த பீன்ஸ் கொட்டை, மைசூர்ப் பருப்பு மாதிரி சிறிய பருப்பு, நிலவறைப் பீப்பாயில் புளித்த முட்டைக்கோஸ், வெங்காயம், தயிர். பீன்ஸைப் புதினா போட்டு எண்ணெயில்லாமல் வேகவைத்தாள். எண்ணெயைப் புட்டியிலிருந்து ஊற்றுவதை விட்டுக் கரண்டியில் அளந்தாள். ரொட்டியை வேளைக்கு ஒரு துண்டாக்கினாள். ஞாயிற்றுக்கிழமை சுடுகிற பாலாடைக்கட்டி வைத்த பனித்சா அப்பத்தை நிறுத்தினாள். பனி உருகியதும் ரயில் பாதையோரம் முளைத்த காஞ்சொறிக் கீரையைக் கையுறை போட்டுப் பறித்து வந்து சூப் வைத்தாள்.

இதைச் சொல்வது சுலபம். தொழிற்சாலையிலிருந்து வரும் வழியில் முக்கில் ஒரு ரொட்டிக் கடை இருந்தது. மூன்று மாதம் அவள் அந்த இடத்தில் தெருவின் மறுபக்கத்துக்குப் போய்விடுவாள். காற்று எதிரே அடித்தால் மறுபக்கத்துக்கும் வாசனை வரும். ஒருநாள் மாலை அந்த வாசனையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எதற்கென்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ராத்திரி வயிறு காந்த, சுடுதண்ணீரைக் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுப்பாள். கரண்டியை ஏன் தப்பான டிராயரில் போட்டாய் என்று பர்வானோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். அவனும் பீன்ஸ்தான் சாப்பிட்டான், அவள் கண்ணெதிரே.

"கொட்டகையில என்னய்யா பண்ணிட்டிருந்தே இவ்வளவு நேரம்?"

"பழைய போல்ட்டுக்கெல்லாம் எண்ணெய் போட்டேன்."

"போல்ட்டு ஏன்யா பூண்டுத் தொத்திறைச்சி வாசம் அடிக்குது?"

பர்வான் வாயைத் துடைத்துக்கொண்டான். "பழைய போல்ட்டுடி, அப்படித்தான் இருக்கும்."

மே மாதத்தில் தன் பாவாடைகளை இரண்டாம் தடவை பிடித்துத் தைத்தாள். தொழிற்சாலை வாசலில் இருக்கிற சரக்குத் தராசில் ஏறிப் பார்த்தாள். எண்பத்தைந்து. அந்தத் தராசு பொய் சொல்லாது, அதில் நிறுத்த கால்சட்டைகள் ஜெர்மனிக்குப் போகின்றன. அன்று சாயங்காலம் பர்வான் அவளை வீட்டு வாசலில் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "யாருடி நீ, என் பொண்டாட்டியை என்ன பண்ணினே?" என்று கேட்டான். ரொம்ப நாளைக்கப்புறம் அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

முப்பத்திரண்டு படிகளை அவள் இந்தத் தடவை உட்காராமல் ஏறினாள். ஆலோசகர் எண்ணைப் பார்த்ததும் இரண்டு தடவைக்குப் பதில் நான்கு தடவை கை தட்டினார். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

"சால்மன் வாரத்துக்கு எத்தனை கிராம் எடுத்துக்கிட்டோம்?"

"எடுத்துக்கலைம்மா."

"அவகாடோ?"

"ஒண்ணு. அழுகிப்போச்சு."

"பாதாம், கினுவா..."

"பீன்ஸும் முட்டைக்கோஸும்தான்மா. அப்புறம் காஞ்சொறி."

ஆலோசகர் விரலை எடுத்துவிட்டார். "அப்ப நாம எப்படி இளைச்சோம்?"

"நீங்க எப்படியோ தெரியாது. நான் கம்மியாத் தின்னேன்."

"பசியோடயா?"

"பசியோடதான்."

"பசி நம்ம முறையிலயே கிடையாதே," என்றார் ஆலோசகர் கலவரத்தோடு. அவர் பொய் சொல்லவில்லை. எந்தக் கட்டத்தில் எதைத் தட்டினாலும் கம்ப்யூட்டர் அந்தப் பதிமூன்று கிலோவை ஏற்க மறுத்தது. பீன்ஸ் என்று தட்டினால், அப்படி ஓர் உணவு பட்டியலில் இல்லை, மேஜை அலங்காரமா என்று திருப்பிக் கேட்டது. விவகாரம் ஐந்து பேர் கொண்ட குழுவுக்குப் போனது.

குழுவின் தலைவர் நிலையத்தின் இயக்குநர் மன்சேவ். நல்ல ஆகிருதி. லிஃப்டில் அவர் ஏறினால் இன்னொருவர் அடுத்த நடைக்குக் காத்திருக்க வேண்டும். தொப்ரினாவை எதிரே நிற்க வைத்துக்கொண்டு அவர் கனிவாகப் பேசினார்.

"அம்மா, நீங்க இளைச்சதுல எங்களுக்கு விரோதம் கிடையாது. சந்தோஷம்தான். ஆனா இந்தப் பதிமூணு கிலோ எங்கேருந்து வந்தது... அதாவது, எங்கே போச்சு? எங்க முறையால போச்சா? இல்லை. டாக்டர் மருந்தால போச்சா? இல்லை. இது தகப்பன் பேர் தெரியாத பதிமூணு கிலோ. இதுக்கு நான் சான்றிதழ் குடுத்தா, நாளைக்கு ஊர்ல இருக்கிற ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வீட்டுல, அவங்கவங்க இஷ்டத்துக்கு, இலவசமா இளைக்க ஆரம்பிச்சுடுவாங்க. அப்புறம் இந்தக் கட்டடம் எதுக்கு? இந்தப் பளிங்கு எதுக்கு? நான் எதுக்கு?"

குழுவில் ஒருவர் கடைசிக் கேள்வியை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

"அப்ப நான் இப்ப என்ன சார் பண்ணணும்?"

"பழைய எடைக்கு வாங்க. அங்கேருந்து முறைப்படி இளைங்க."

"மறுபடி குண்டாகணுமா?"

"அப்படிச் சொல்லாதீங்க. ஆரம்பப் புள்ளிக்குத் திரும்பறீங்க."

"எப்படி சார் திரும்பறது?"

மன்சேவ் கைகளை விரித்தார். "எடை ஏத்தறதுக்கு எங்ககிட்ட பிரிவு இல்லைம்மா. அது உங்க சொந்தப் பொறுப்பு."

வீட்டில் இதைக் கேட்ட பர்வான் முதலில் உரக்கச் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான். ரூஸ்கா அன்றைக்கு அங்கேதான் இருந்தாள்.

"நான் தின்ன மாட்டேன்," என்றாள் தொப்ரினா. "அந்தப் பசியை இன்னொரு தடவை என்னால படமுடியாது."

"யாருடி உன்னைத் தின்னச் சொன்னா?" என்றாள் ரூஸ்கா. "அவங்க கேக்கறது எடை. நீ எடை குடு."

பர்வான் எழுந்து கொட்டகைக்குப் போனான். ரயில்வே போல்ட்டுகளும் மரைகளும் நிறைந்த தகர டப்பாக்களைத் தூக்கி வந்து சமையல் மேஜையில் கொட்டினான். தொப்ரினா கெட்டித் துணியில் வரிசையாகப் பை வைத்து இடுப்புக்கு ஒரு பட்டை தைத்தாள். பதிமூன்று கிலோ இரும்பு. மேலே பர்வானின் குளிர்காலக் கோட்டு. ஜூன் மாதம் அது.

அந்த இரும்போடு அவள் முப்பத்திரண்டு படி ஏறியதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பாதியில் முட்டிக்குள் ஏதோ நழுவி, கண் இருட்டியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லிஃப்டில் ஊழியர்கள் இரண்டு பேர் ஒரு கேக் பெட்டியோடு மேலே போனார்கள்.

ஆலோசகர் அவளை நிமிர்ந்து பார்த்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் நிலையத்தில் ஆளைப் பார்க்கிற வழக்கம் இல்லை. தராசில் அவள் ஏறியபோது இடுப்பில் கிணுங்கென்று சத்தம் கேட்டது.

"என்ன சத்தம் அது?"

"முட்டிம்மா."

ஆலோசகர் அனுதாபத்தோடு அதைக் குறித்துக்கொண்டார். எண் தொண்ணூற்றெட்டு காட்டியது. இரண்டு தடவை கை தட்டினார்.

அதன் பிறகு பத்து நாளுக்கு ஒருமுறை தொப்ரினா போனாள். ஒவ்வொரு தடவையும் பர்வான் சில போல்ட்டுகளைக் கழற்றிக்கொள்வான். பிரச்சினை இரும்பில் இல்லை, மீனில் இருந்தது. அவள் வாழ்நாளில் தொட்டுப் பார்க்காத ஒன்றின் ருசியை ஒவ்வொரு தடவையும் விவரிக்க வேண்டியிருந்தது. பல் டாக்டர் வீட்டுக் குளிர்பெட்டியைத் துடைக்கிற ரூஸ்கா அவளுக்குப் பாடம் எடுத்தாள்.

"வெண்ணெய் மாதிரிக் கரையுதுன்னு சொல்லு. நிறம் கேட்டா, ரோஜா நிறம்னு சொல்லு."

"தோலோட சாப்பிட்டோமா, உரிச்சுச் சாப்பிட்டோமா?" என்று ஆலோசகர் ஒருநாள் திடீரென்று கேட்டுவிட்டார்.

"தோலோட..." என்று ஆரம்பித்து அவர் முகத்தைப் பார்த்தாள் தொப்ரினா. "தோலோட சேர்த்து உரிச்சேன்மா."

"ரொம்ப சரி," என்றார் ஆலோசகர்.

கம்ப்யூட்டர் இப்போது எல்லாவற்றையும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டது. தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றொன்று, எண்பத்தெட்டு. இப்படிச் சீராக இளைத்தவர் நிலையத்தின் வரலாற்றில் இல்லை. உண்மையைச் சொன்னால், இளைத்தவரே இல்லை. ஆகஸ்ட் தொடக்கத்தில் தொப்ரினா இரும்பில்லாமல் போய் எண்பத்தைந்தில் நின்றபோது மன்சேவே கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்து அவள் கையைக் குலுக்கினார். சான்றிதழை அவசரப்பட்டு மேஜையில் வைத்துக் கொடுக்க முடியாது, துணை அமைச்சர் வந்து மேடையில் கொடுப்பார் என்றார். அதற்கு மூன்று வாரம் காத்திருந்தாள்.

விழா நாளில் மேடையோரம் நீளமான மேஜை. அதில் ஒரு முழு சால்மன், வாயில் எலுமிச்சையோடு. சுற்றிலும் அவகாடோ, ப்ளூபெர்ரி. கை தட்டுவதற்காகத் தொழிற்சாலைப் பெண்களை அரைநாள் விடுப்பில் பஸ் வைத்து அழைத்து வந்து பின்வரிசைகளில் உட்கார வைத்திருந்தார்கள். ரூஸ்கா அவர்கள் நடுவில் இருந்துகொண்டு தொப்ரினாவைப் பார்த்துக் கண்ணடித்தாள். பர்வான் கழுத்துப்பட்டை கட்டியிருந்தான்.

துணை அமைச்சர் சான்றிதழைத் தொப்ரினாவின் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு அவளைப் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டு பேசினார்.

"ஆரோக்கியம் விலை அதிகம் என்று சொன்னவர்கள் எங்கே? இதோ, இஸ்திரி போடும் ஒரு சாதாரணப் பெண்மணி. இவருடைய சம்பளம் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை, ஏனென்றால் அதில் தினம் இருவேளை சால்மன் கிடைக்கிறது! நான்கூட தினமும் சால்மன் சாப்பிடுவதில்லை." சபை சிரிப்பதற்கு இடம் விட்டார். "தொழிலாளியின் தட்டில் சால்மன் இருக்கும் நாட்டில் உணவுக் கூப்பன் எதற்கு? அது மக்களைச் சோம்பேறியாக்குகிறது, கொழுக்க வைக்கிறது. ஆகவே அடுத்த மாதம் முதல் இந்த மாவட்டத்தில் உணவுக் கூப்பன்கள் நிறுத்தப்படுகின்றன என்பதையும், அந்த நிதியில் மேலும் மூன்று நல்லெடை நிலையங்கள் கட்டப்படும் என்பதையும் பெருமையோடு அறிவிக்கிறேன்!"

முன்வரிசைகள் கை தட்டின. பின்வரிசைகளில் பாதித் தட்டலில் கைகள் நின்றுவிட்டன. தொப்ரினா அங்கே பார்த்தாள். ரூஸ்காவின் முகத்தில் இப்போது கண்ணடிப்பு எதுவும் இல்லை. கூப்பன் இல்லாவிட்டால் ரூஸ்காவின் வீட்டில் மாதத்தின் கடைசி வாரம் எப்படிப் போகும் என்று தொப்ரினாவுக்குத் தெரியும். அந்தக் கடைசி வாரம் தன் வீட்டிலும் அப்படித்தான்.

சான்றிதழ் கையில் இருந்தது. வாயை மூடிக்கொண்டு கீழே இறங்கினால் மறுவாரம் கட்டில், புது முட்டி. அவள் அதை நினைத்தாள். நினைக்கவில்லை என்று சொல்ல முடியாது. அவளுடைய கால்கூட ஒரு அடி எடுத்து வைத்துவிட்டது. பிறகு திரும்பி, மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, அந்த மீனை நான் தின்னதே கிடையாது. முழுசா இன்னைக்குத்தான் பார்க்கறேன், அந்த மேஜை மேல. நான் இளைச்சது பீன்ஸுல. அதை இவங்க ஒத்துக்கலை. அதனால இடுப்புல போல்ட்டு கட்டிக்கிட்டு வந்தேன். கூப்பனை எடுத்துடாதீங்கய்யா. அந்தப் பீன்ஸையே நாங்க கூப்பன்லதான் வாங்கறோம்."

முன்வரிசைகள் துணை அமைச்சரைப் பார்த்தன. துணை அமைச்சர் ஒரு கணம் யோசித்துவிட்டு உரக்கச் சிரித்தார்.

"என்ன ஒரு நகைச்சுவை உணர்வு! உடம்பு இளைத்தால் மனசும் இலேசாகிவிடுகிறது, பார்த்தீர்களா!"

முன்வரிசைகள் சிரித்தன. வாத்தியக்காரர்கள் வாசிக்க ஆரம்பித்தார்கள். யாரோ அவள் கையிலிருந்து மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டார்கள். விருந்தினர்கள் சால்மனை நோக்கி நடந்தார்கள்.

மன்சேவ் அவளைப் பின்னறைக்கு அழைத்துப் போனார். கோபப்படவில்லை. அவருடைய குரல் முன்னைவிடக் கனிவாக இருந்தது.

"மேடையில நீங்க சொன்னது பொய்னா, துணை அமைச்சர் முன்னால நிலையத்தை அவமானப்படுத்தினதுக்காகச் சான்றிதழ் ரத்து. நிஜம்னா, அரசாங்கத் தராசை ஏமாத்தினதுக்காகச் சான்றிதழ் ரத்து. ரெண்டுல எது வேணும்னு நீங்களே சொல்லலாம்மா. நோயாளியோட விருப்பத்தை மதிக்கிறதுதான் எங்க கொள்கை."

"நிஜம் சார்," என்றாள் தொப்ரினா.

"நல்லது," என்று சான்றிதழை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"கூப்பன்?"

"அந்த அறிவிப்பு காலையிலேயே பத்திரிகைகளுக்குப் போயிடுச்சு. நீங்க பேசினது மத்தியானம்." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "கொஞ்சம் முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

நிலையம் அவளுடைய எல்லா எடைகளையும் கம்ப்யூட்டரிலிருந்து அழித்து, முதல் நாளின் தொண்ணூற்றெட்டை மட்டும் வைத்துக்கொண்டது. மறுபடி பெயர் பதிய அடுத்த வருஷம்தான் வரலாம் என்றார்கள். அடுத்த மாதம் கூப்பன் வரவில்லை. தொழிற்சாலையில் சில பெண்கள் தொப்ரினாவைத் திட்டினார்கள், முதலிலேயே ஏன் மீன் தின்றேன் என்று பொய் சொன்னாய் என்று. வேறு சிலர், கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஏன் இறங்கி வரவில்லை, நீயாவது நடந்திருப்பாயே என்று திட்டினார்கள். ரூஸ்கா இரண்டு பக்கமும் சண்டை போட்டாள்.

செப்டம்பர் கடைசியில் தொப்ரினா டாக்டர் கெரோவைப் பார்க்கப் போனாள். வரும் திங்கட்கிழமை அவள் மறுபடி இஸ்திரி மேஜையில் நிற்க வேண்டும். டாக்டர் அவளைத் தன் அறைத் தராசில் ஏற்றினார். எண்பத்துநாலு.

"அட, நல்லா இளைச்சிருக்கீங்களே!" என்றார். அந்த வருஷத்தில் கை தட்டாமல் அதை அவளிடம் சொன்ன முதல் அதிகாரி அவர்தான். பிறகு கம்ப்யூட்டரைத் திறந்தார். முகம் மாறியது.

"நிலையத்துலேருந்து வந்த கணக்குல தொண்ணூத்தெட்டு இருக்கே."

"அதை விடுங்க டாக்டர். உங்க தராசே சொல்லுதே."

"என் தராசும் சொல்லுது, என் கண்ணும் சொல்லுது. ஆனா மயக்க மருந்துக் கணக்கை இதுதான்மா போடும். எங்க மயக்க டாக்டர் ஜெர்மனிக்குப் போனதுலேருந்து அப்படித்தான். தொண்ணூத்தெட்டு கிலோவுக்கு மருந்தை ஏத்திட்டு எண்பத்துநாலு கிலோ ஆளைப் படுக்க வச்சா, நீங்க எந்திரிக்க மாட்டீங்க."

"நீங்க கையால திருத்தக் கூடாதா?"

"எடையைத் திருத்தற உரிமை நிலையத்துக்கு மட்டும்தான்." அவர் நல்ல மனிதர். அவளை நேரே பார்க்க முடியாமல் ஜன்னலைப் பார்த்தார். "இதுக்குள்ள இருக்கிற அந்த அம்மா இளைக்கட்டும். அப்புறம் வாங்க, நானே பண்றேன்."

பர்வான் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் வந்து பக்கத்தில் நின்று, தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"என்ன சொன்னாரு?"

"அவ இளைக்கணுமாம்."

"எவ?"

"கம்ப்யூட்டருக்குள்ள இருக்காளே, அவ."

பர்வானுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் வாய்க்குள் ஏதோ ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். பஸ் வந்தது. படி உயரம். தொப்ரினா நல்ல காலைத் தூக்கி வைத்து, கம்பியைப் பிடித்து, இடது காலை இழுக்க முடியாமல் நின்றாள். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுத்தார்கள். பர்வான் அவள் இடுப்பில் கை கொடுத்து ஏற்றிவிட்டான்.

"கனமே இல்லையேடி நீ," என்றான் ஆச்சரியத்தோடு. "ஒத்தைக் கையிலயே தூக்கிட்டேன்."

மேடையிலும் டாக்டர் அறையிலும் அழாதவள், பயணச்சீட்டு கேட்கிற நடத்துநர் முன்னால் அழ ஆரம்பித்தாள்.